எத்திலீனும் ஈத்தேனும் பிரியவில்லையா? நுண்துளைப் பொருள் சோதனைகளில் அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் தேடும் வழி

எத்திலீன் கொதிப்பது மைனஸ் 104 டிகிரி செல்சியஸில், ஈத்தேன் மைனஸ் 89இல். புரப்பிலீனுக்கும் புரப்பேனுக்கும் இடைவெளி இன்னும் குறைவு: மைனஸ் 48, மைனஸ் 42. இதனால்தான் தொழிற்சாலைகளில் நூறுக்கும் மேற்பட்ட தட்டுகள் கொண்ட கோபுரங்களில் இவற்றைக் குளிர்வித்துக் காய்ச்சிப் பிரிக்கிறார்கள். அந்த வேலையை நுண்துளைகள் நிறைந்த ஜியோலைட்டோ (அலுமினியம்-சிலிக்கான் படிகம்) உலோக-கரிமச் சட்டகமோ (உலோகமும் கரிம மூலக்கூறுகளும் இணைந்த படிகம்) செய்துவிடும் என்ற நம்பிக்கையில் ஆய்வகத்தில் ஒரு கிராம் பொருளைக் குழாயில் அடைத்து, கலவை வாயுவைச் செலுத்தி, எது எப்போது வெளியே வருகிறது என்று பார்க்கிறோம். இதுவே பிரேக்த்ரூ சோதனை. வெளிவரும் வாயுவின் செறிவை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கிடைப்பதுதான் வளைகோடு. இது கெட்டுப்போகும் விதங்கள் அதிகம். ஆனால் அவை திரும்பத் திரும்ப ஒரே சில வடிவங்களில்தான் வருகின்றன.

நான் கண்டவரையில், வளைகோடு சரியாக வராதபோது முதலில் பழி ஏற்பது பொருள்தான். வாரக்கணக்கில் உழைத்துத் தயாரித்த தூளைக் கொட்டிவிட்டு மறுபடி தயாரிக்கத் தொடங்குகிறார்கள். குற்றவாளியோ ஒரு வால்வு, கொஞ்சம் ஈரம், அல்லது கருவியின் அளவீட்டு எண். பொருளைச் சந்தேகிப்பதுதான் அதிகச் செலவு பிடிக்கும் வழி. அதைக் கடைசியில் வையுங்கள்.

எதையும் தொடும் முன்

எத்திலீன் காற்றில் 2.7 முதல் 36 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். புரப்பிலீனுக்கு அந்தக் கீழ் எல்லை 2 சதவீதம்தான். வெளியேறும் வாயு ஃப்யூம் ஹூட்டுக்குள் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) போகிறதா என்று முதலில் பாருங்கள். அசிட்டிலீன் கலந்த வாயு என்றால் செம்புக் குழாய் கூடாது. வெள்ளி அல்லது ஒற்றை இணைதிறன் செம்பு ஏற்றிய பொருளின் மேல் அதைச் செலுத்தவே கூடாது: உருவாகும் அசிட்டிலைடுகள் காய்ந்தால் வெடிக்கும். இதில் "கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிறகு மூன்று அடிப்படைச் சோதனைகள். எந்த அறிகுறியானாலும் இவை இல்லாமல் மேலே போகாதீர்கள்.

1. வெற்றுச் சோதனை: அதே குழாயில், அதே உயரத்துக்குக் கண்ணாடி மணிகளை அடைத்து, அதே வேகத்தில் அதே கலவையைச் செலுத்துங்கள். வாயு வெளிவரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லா நேரங்களும் இதிலிருந்துதான் எண்ணப்படும்.
2. கசிவு: குழாயை ஹீலியத்தால் நிரப்பி இரு முனைகளையும் மூடி, அரை மணி நேரம் அழுத்தத்தைக் கவனியுங்கள். குறைந்தால் ஒவ்வொரு இணைப்பாகத் தேடுங்கள். பெரும்பாலும் அடிக்கடி கழற்றி மாட்டும் ஃபெரூல்தான் (குழாய் இணைப்பை இறுக்கும் வளையம்).
3. எடை: மாதிரியைச் சூடேற்றுவதற்கு முன்பும் பின்பும் காற்றுப் படாமல் நிறுங்கள். கிளர்வூட்டிய பிறகு, அதாவது துளைகளிலுள்ள நீரையும் கரைப்பானையும் சூட்டால் விரட்டிய பிறகு, இருக்கும் எடைதான் கணக்குக்கு உரியது.

அறிகுறி 1: இரண்டு வாயுக்களும் சேர்ந்தே வெளியே வருகின்றன

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. உங்கள் நேரத்தை வெற்றுச் சோதனையின் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

*வெற்றுக் குழாயின் நேரத்திலேயே வந்துவிட்டால்*

பொருள் எதையுமே பிடிக்கவில்லை. முதலில் வால்வைப் பாருங்கள். வாயு படுகை (குழாயில் அடைத்த பொருள்) வழியாகப் போகாமல் மாற்றுப்பாதையில் போய்க்கொண்டிருக்கலாம். இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்; பார்க்காமல் விட்டால் ஒரு நாள் போகும்.

அடுத்தது ஈரம். பாட்டிலில் நன்றாக மூடாமல் வைத்திருந்த 13எக்ஸ் ஜியோலைட் தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரைச் சுமந்துகொண்டிருக்கும். கையில் எடுத்தால் உலர்ந்த தூளாகவே தெரியும். 13எக்ஸ், 5ஏ போன்றவற்றை 300 முதல் 350 டிகிரி வரை, உலர்ந்த ஹீலியம் ஓட்டத்திலோ வெற்றிடத்திலோ பல மணி நேரம் வைக்க வேண்டும். வெப்பத்தை மெதுவாக ஏற்றுங்கள். அவசரமாக ஏற்றினால் உள்ளிருந்து கிளம்பும் நீராவியே கட்டமைப்பைச் சிதைத்துவிடும். எச்கேயுஎஸ்டி-1 என்ற செம்புச் சட்டகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஈரத்தோடு இருந்தால் வெளிர்நீலம், நன்றாகக் கிளர்வூட்டினால் அடர்ந்த நீலஊதா. குழாயின் ஒரு முனை அடர்நிறமாகவும் மறுமுனை வெளிறியும் இருந்தால், சூடு எல்லா இடத்திலும் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

அதற்கடுத்தது தயாரிப்பின்போது உள்ளே தங்கிய கரைப்பான். மாஃப்-74 என்ற சட்டகத்தின் வகைகளில் டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பான் உலோக முனையைப் பிடித்துக்கொண்டு வெளியேற மறுக்கும். வெறும் சூட்டால் அதை விரட்டப் பார்க்காதீர்கள். மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, புதிய மெத்தனால் ஊற்றி, சில நாட்கள் இப்படியே மாற்றிய பிறகு சூடேற்றுங்கள். அகச்சிவப்பு நிறமாலையில் 1660 செ.மீ⁻¹ அருகே கார்பனைல் பட்டை இன்னும் நின்றால் வேலை முடியவில்லை.

இவை எல்லாம் சரி என்றால்தான் கட்டமைப்பு சரிந்ததா என்ற கேள்விக்கு வரவேண்டும். 77 கெல்வினில் நைட்ரஜன் சமவெப்பக் கோடும் (வெப்பநிலை மாறாமல், அழுத்தத்துக்கேற்ப எவ்வளவு வாயு பிடிபடுகிறது என்ற வரைபடம்), தூள் எக்ஸ் கதிர்ப் படமும் எடுங்கள். ஒரு எச்சரிக்கை: குறுகிய வாய் கொண்ட பொருள்களில் அந்தக் குளிரில் நைட்ரஜன் உள்ளே போகாது. 4ஏ ஜியோலைட்டில் நைட்ரஜனை வைத்து அளந்தால் பரப்பே இல்லாததுபோல் காட்டும். பொருளோ நலமாக இருக்கும். அத்தகைய பொருள்களுக்குக் கார்பன் டைஆக்ஸைடைக் கொண்டு 195 அல்லது 273 கெல்வினில் அளக்க வேண்டும். எக்ஸ் கதிர்ப் படத்தில் முகடுகள் அகன்றோ மறைந்தோ இருந்தால், படிகவியல் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். அதை வெறும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

*வெற்றுக் குழாயைவிடத் தாமதமாக, ஆனால் ஒன்றாகவே வந்தால்*

பொருள் பிடிக்கிறது, ஆள் பார்த்துப் பிடிக்கவில்லை. திறந்த உலோக முனைகளை (வாயு நேரே வந்து ஒட்டும்படி வெறுமையாக இருக்கும் உலோக அணுக்கள்) நம்பும் பொருள் என்றால் அந்த முனைகளில் நீர் உட்கார்ந்திருக்கிறது. துளைகள் காலி, முனைகள் மட்டும் நிரம்பிய நிலை. பரப்பளவு அளவீட்டில் இது பெரிதாகத் தெரியாது. எத்திலீன் மட்டும் தன் சிறப்பிடத்தை இழந்துவிடும். வெப்பநிலையை அந்தப் பொருள் தாங்கும் எல்லைக்குள் இன்னும் உயர்த்தி மறுபடி கிளர்வூட்டுங்கள்.

வேகத்தால் பிரிக்கும் பொருள் என்றால் சிக்கல் வேறு. ஜிஃப்-8 என்ற சட்டகத்தில் புரப்பிலீனும் புரப்பேனும் இறுதியில் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தங்கும். புரப்பிலீன் பல மடங்கு வேகமாக நுழைவதில்தான் பிரிப்பு இருக்கிறது. வாயுவை மிக மெதுவாகச் செலுத்தினால் புரப்பேனுக்கும் நேரம் கிடைத்து உள்ளே போய்விடும். ஓட்டத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டிப் பாருங்கள். பிரிப்பு தென்பட்டால் காரணம் இதுவே. படிகம் மிகச் சிறியதாக இருந்தாலும் இதே கதைதான். அப்போது பெரிய படிகங்களை வளர்ப்பதைத் தவிர வழியில்லை.

அறிகுறி 2: வளைகோடு முன்கூட்டியே கிளம்பி, சாய்ந்து இழுத்துக்கொண்டே போகிறது

குழாயை நிமிர்த்திப் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். படுகையின் மட்டம் இறங்கினால் உள்ளே இடைவெளி இருந்திருக்கிறது. வாயு அதில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. மறுபடி அடைத்து, மேலே கண்ணாடிக் கம்பளியை அழுத்தி வையுங்கள்.

அடுத்து குருணையின் அளவு. குழாயின் உள்விட்டம் குருணையின் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரை ஒட்டி வாயு தப்பிவிடும். 4 மி.மீ. குழாயில் 0.8 மி.மீ. குருணையை அடைத்துவிட்டுப் பொருளின் மீது கோபப்படுவதில் நியாயமில்லை. அதே 4 மி.மீ. குழாய்க்கு 0.25 முதல் 0.4 மி.மீ. வரை சலித்தெடுத்த குருணை பொருத்தமாக இருக்கும்.

குழாய்க்குப் பின்னால் இருக்கும் காலி இடங்களும் வளைகோட்டை இழுக்கும்: நீளமான இணைப்புக் குழாய், பெரிய வடிகட்டி, ஓட்டமில்லாத மூலை. வெற்றுச் சோதனையின் வளைகோடும் இதே சாய்வில் இருந்தால் குற்றம் படுகைக்கு வெளியே.

அதுவும் இல்லையென்றால் வெப்பம். திறந்த உலோக முனையில் எத்திலீன் அமரும்போது மோலுக்கு 40 கிலோஜூல் அளவிலோ அதற்கு மேலோ வெப்பம் வெளியாகும். படுகையின் நடுவில் ஒரு மெல்லிய வெப்ப இரட்டையை (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகிப் பாருங்கள். பல டிகிரி ஏறுகிறதென்றால் வாயுவை ஹீலியத்தில் நீர்த்துச் செலுத்துங்கள், அல்லது மெலிந்த குழாய்க்கு மாறுங்கள்.

அறிகுறி 3: உள்ளே போனதைவிட வெளியே அதிகம் வருகிறது

ஒரு வாயு மட்டும் சிறிது நேரம் உள்ளீட்டுச் செறிவைத் தாண்டி எழுந்து, பிறகு இறங்கினால், பிழை இல்லை. வலுவாகப் பிடிக்கப்படும் வாயு, முன்பே அமர்ந்திருந்த மற்றதைத் தள்ளி வெளியேற்றுகிறது. எத்திலீனை விரும்பும் பொருளில் ஈத்தேன் இப்படி எழுவது நல்ல அடையாளம்.

இரண்டுமே தாண்டினால் அளவீடு தவறு. வெப்ப வகைப் பாய்வுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் நைட்ரஜனுக்கு அளவிடப்பட்டவை. திரையில் காட்டும் எண்ணை எத்திலீனுக்கு ஏறத்தாழ 0.6ஆலும், ஈத்தேனுக்கு 0.5ஆலும், புரப்பேனுக்கு 0.36ஆலும் பெருக்க வேண்டும். கருவியின் கையேட்டில் அதற்குரிய சரியான எண் இருக்கும். அதையும் நம்பாமல் சோப்புக் குமிழ்ப் பாய்வுமானியால் ஒருமுறை நேராக அளந்துவிடுங்கள். செலவில்லாத கருவி, பொய் சொல்லாத கருவி.

வெளியேறும் ஓட்டம் மாறாதது என்று எண்ணிக் கணக்கிடுவதும் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நீர்க்காத பாதிக்குப் பாதி கலவையில் எத்திலீன் முழுவதும் பிடிபடும் நேரத்தில், வெளியே வரும் ஓட்டம் பாதியாகச் சுருங்கிவிடும். ஓட்டத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அல்லது பிடிபடாத ஆர்கானைச் சிறிது கலந்து அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி தன் நைட்ரஜன் அளவீட்டிலேயே விலகியிருந்தால் திறந்து பார்க்க வேண்டாம். தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 4: நிறை நிறமாலைமானியில் எது எந்த வாயு என்றே தெரியவில்லை

இந்தக் கருவி வாயுவை அயனிகளாக்கி உடைத்து, துண்டுகளின் நிறை எண்களால் அடையாளம் காண்கிறது. இந்த இணைகளில் குழப்பம் மிகவும் சகஜம். எத்திலீனின் உச்ச முகடு நிறை எண் 28இல். ஈத்தேனின் உச்ச முகடும் அங்கேதான். நைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும் அதே இடத்தில். ஆகவே நைட்ரஜனைச் சுமக்கும் வாயுவாக வைத்துக்கொண்டு 28ஐப் பார்ப்பவர் எதையும் பார்க்கவில்லை.

ஹீலியத்துக்கு மாறுங்கள். ஈத்தேனை 30இல் தொடருங்கள். அதன் உச்ச முகட்டில் கால் பங்கு அளவுக்கு அங்கே வரும், எத்திலீன் அங்கே ஏறத்தாழ வராது. எத்திலீனை 26 அல்லது 27இல் பார்த்து, 30இலிருந்து கணித்த ஈத்தேனின் பங்கைக் கழியுங்கள். கழிக்க வேண்டிய விகிதத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், தூய ஈத்தேனை உங்கள் கருவியிலேயே செலுத்தி எடுங்கள். ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் வேறுபடும்.

புரப்பேனுக்கு 29 நல்லது, புரப்பிலீன் அங்கே மிகக் குறைவு. புரப்பேனை 44இலும் பார்க்கலாம் என்றாலும் கார்பன் டைஆக்ஸைடு குறுக்கே வரும். புரப்பிலீனுக்கு 41 அல்லது 42, புரப்பேனின் சிறு பங்கைக் கழித்த பிறகு.

32 ஏறிக்கொண்டே போனால் காற்று உள்ளே வருகிறது. கசிவுச் சோதனைக்குத் திரும்புங்கள். எத்திலீனுக்குள் இருக்கும் மிகச் சிறு அளவு அசிட்டிலீனை இந்தக் கருவியில் தேடுவது வீண். அதன் உச்சம் 26இல் எத்திலீனுக்குள் மூழ்கிவிடும். அதற்கு வாயு நிறப்பிரிகைக் கருவிதான். அயனி மூலம் அழுக்கடைந்தாலோ இழை அறுந்தாலோ பயிற்சி பெற்ற தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: வளைகோடு அழகு, சேகரித்த எத்திலீனில் தூய்மை இல்லை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பொருள் சரி, சோதனை சரி, ஆனாலும் முடிவு சரியில்லை என்று பலர் சோர்ந்துபோகும் இடம் இது.

பிளாஸ்டிக் தயாரிப்புக்கு எத்திலீன் 99.9 சதவீதம் அல்லது அதற்கும் மேல் தூயதாக வேண்டும். எத்திலீனைப் பிடிக்கும் பொருளில், அந்த எத்திலீனைப் பின்னர் வெற்றிடத்தாலோ சூட்டாலோ கழற்றி எடுக்கிறோம். அப்போது குருணைகளுக்கு இடையே தேங்கிய கலவை வாயுவும் கூடவே வந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈத்தேனை உள்ளேயே விடாத பொருள் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது குழாயில் 2 மி.லி. இடம் பிடிக்கிறது, அதில் 0.8 மி.லி. குருணைகளுக்கு இடைப்பட்ட வெளி. கலவை பாதிக்குப் பாதி என்றால் அங்கே 0.4 மி.லி. ஈத்தேன் இருக்கிறது. பொருள் பிடித்த எத்திலீன் 2 மில்லிமோல். அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 49 மி.லி. முழுவதையும் சேகரித்தால் ஈத்தேன் 0.8 சதவீதம். அதாவது குறையே இல்லாத பொருள்கூட 99.2ஐத் தாண்டவில்லை. இணைப்புக் குழாய்களில் இன்னொரு 2 மி.லி. கலவை தங்கியிருந்தால் தூய்மை 97.3க்கு இறங்கிவிடும்.

ஆகவே சரிபார்ப்பு இப்படி. முதலில் இணைப்புக் குழாய்களைச் சுருக்குங்கள். பிறகு, கழற்றும்போது முதலில் வரும் பகுதியைத் தனியாக ஒதுக்கி, மீதியை மட்டும் அளந்து பாருங்கள். தூய்மை ஏறினால் குற்றம் தேங்கிய வாயுவின் மேல். முறையான தீர்வு, கழற்றும் முன் கொஞ்சம் தூய எத்திலீனால் படுகையைக் கழுவிவிடுவது. கழுவப் பயன்பட்டதையும் விளைச்சல் கணக்கில் நேர்மையாகக் கழிக்க வேண்டும்.

முதல் பகுதியை ஒதுக்கியும் தூய்மை ஏறவில்லையென்றால் ஈத்தேன் துளைகளுக்குள்ளேயே போகிறது. அப்போது கேள்வி பொருளைப் பற்றியது. ஈத்தேனைப் பிடித்து எத்திலீனை நேராக வெளியே விடும் பொருள்கள் பக்கம் போவதும் ஒரு வழி. ஜிஃப்-7, 2015இல் வெளியான எம்ஏஎஃப்-49, 2018இல் வெளியான, பெராக்ஸோ தொகுதி ஏற்றிய இரும்பு மாஃப்-74 ஆகியவை அந்த வகை. அவற்றில் தூய எத்திலீன் முதல் கட்டத்திலேயே வெளிவரும். கடைசியாகச் சொன்னதைக் காற்றுப் படாமல் கையாள வேண்டும்.

அறிகுறி 6: சுற்றுக்குச் சுற்று கொள்ளளவு குறைகிறது

ஒரே ஒரு சோதனை பாதையைத் தீர்மானிக்கும். இப்போதைய மீட்டலை (பிடித்த வாயுவை வெளியேற்றி அடுத்த சுற்றுக்குத் தயார் செய்வதை) விட்டு, முதல் நாள் செய்த முழுக் கிளர்வூட்டலை அதே குழாயில் மறுபடி செய்யுங்கள்.

*கொள்ளளவு முழுவதும் திரும்பினால்* பொருள் நலம். சுற்றுகளுக்கு இடையே செய்யும் மீட்டல் போதவில்லை, அல்லது சிலிண்டர் வாயுவோடு ஈரம் வந்துகொண்டிருக்கிறது. மீட்டல் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். உள்ளீட்டுப் பாதையில் ஓர் உலர்த்திக் குழாய் வையுங்கள். அந்த உலர்த்தியும் நிரம்பிவிடும் என்பதை மறந்துவிடுபவர்கள் அதிகம்.

*திரும்பாவிட்டால்* பொருளைக் கொட்டி நிறத்தைப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் புரப்பிலீன் போன்றவை அமில முனைகளில் ஒன்றோடொன்று இணைந்து கனமான பிசினாகிவிட்டன. பெரும்பாலும் மீட்டும்போது நடப்பது இது: பிடிபட்ட ஓலிஃபீனோடு (எத்திலீன், புரப்பிலீன் வகை வாயு) படுகையை நேரே சூடேற்றினால் அதையே சமைத்துவிடுகிறோம். முதலில் அறை வெப்பநிலையில் வெற்றிடத்தாலோ ஹீலியத்தாலோ முடிந்தவரை வெளியேற்றிவிட்டு, பிறகு சூட்டை ஏற்றுங்கள். ஏற்கெனவே படிந்த பிசினை ஜியோலைட்டிலிருந்து நீர்த்த காற்றில் எரித்து அகற்றலாம். அதற்கு முன் ஹைட்ரோகார்பன் துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். அனுபவமுள்ளவர் கூட இருக்க வேண்டும். உலோக-கரிமச் சட்டகத்தில் இந்த முயற்சியே வேண்டாம், சட்டகமே எரிந்துவிடும்.

வெள்ளி ஏற்றிய பொருள் கறுத்திருந்தால் கந்தகச் சேர்மம் அல்லது ஹைட்ரஜன் காரணம். ஒற்றை இணைதிறன் செம்பு பச்சை சாய்ந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. நிறம் மாறாமல் மக்னீசியம் மாஃப்-74 கொள்ளளவை இழந்திருந்தால் ஈரத்தில் கிடந்திருக்கிறது. அது முழுதாக மீளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அறிகுறி 7: படுகையின் குறுக்கே அழுத்தம் ஏறுகிறது

கண்ணாடிக் கம்பளியை மாற்றுங்கள். குறையாவிட்டால் குருணை நொறுங்கித் தூளாகியிருக்கிறது. வெளியே எடுத்துச் சலித்து மறுபடி அடையுங்கள். குருணையைக் கெட்டியாக்க அழுத்தத்தைக் கூட்டும் முன் ஒன்று: பல சட்டகங்கள் அழுத்தியில் வைத்தாலே பரப்பளவை இழக்கும். அழுத்தியதற்கு முன்னும் பின்னும் பரப்பளவை அளந்து, இழப்பில்லாத அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள்.

அறிகுறி 8: சமவெப்பக் கோடு விசித்திரமாக இருக்கிறது

எதிர்மறை அளவு காட்டினால் மாதிரி மிகக் குறைவு, அல்லது மாதிரிக் குழாயின் காலி இடத்தின் கன அளவு தவறு. மாதிரியைக் கூட்டி, ஹீலிய அளவீட்டை மறுபடி செய்யுங்கள். ஏறும் கோடும் இறங்கும் கோடும் சேரவில்லையென்றால் சமநிலைக்குக் கருவி காத்திருக்கும் நேரத்தை நீட்டுங்கள். நீட்டியதும் கோடுகள் நெருங்கினால் வாயு மெதுவாக நுழைகிறது, அவ்வளவுதான். நீட்டியும் அதே அழுத்தத்தில் திடீர்ப் படி நின்றால் அது உண்மையாக இருக்கலாம்: ஜிஃப்-7 போன்ற நெகிழும் பொருள்களில் வாசல் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில்தான் திறக்கிறது.

அறிகுறி 9: தெரிவுத்திறன் ஆயிரக்கணக்கில் வருகிறது

தெரிவுத்திறன் என்பது ஒரு வாயுவை மற்றதைவிட எத்தனை மடங்கு விரும்பிப் பிடிக்கிறது என்ற எண். அது ஆயிரக்கணக்கில் வந்தால் அதையும் பிழையாகவே நடத்துங்கள். ஒரு வாயு ஏறத்தாழப் பிடிபடாத பொருளில், அந்தச் சிறு எண் கருவியின் இரைச்சலுக்குள் இருக்கிறது. அதை வகுக்கும் எண்ணாக வைத்து ஐஏஎஸ்டி கணக்கு (தனி வாயுச் சமவெப்பக் கோடுகளிலிருந்து கலவையின் நடத்தையைக் கணிக்கும் முறை) போட்டால் எவ்வளவு பெரிய விடையும் வரும். வெற்று மாதிரிக் குழாயில் அதே வாயுவை அளந்து, இரைச்சல் எவ்வளவு என்று பாருங்கள். ஈத்தேனின் அளவு அதைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தால் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள். இல்லையென்றால் "அளக்கும் எல்லைக்குக் கீழ்" என்று எழுதுங்கள்.

பிறகு பிரேக்த்ரூவோடு ஒப்பிடுங்கள். உள்ளே வந்த எத்திலீனின் ஓட்டத்திலிருந்து வெளியேறிய ஓட்டத்தை நேரம் நெடுகக் கழித்துக் கூட்டி, வெற்றுக் குழாயில் கிடைத்த அளவையும் கழித்து, மாதிரியின் எடையால் வகுத்தால் கொள்ளளவு. அதை அதே பகுதி அழுத்தத்தில் தனி வாயுச் சமவெப்பக் கோடு சொல்லும் அளவோடு வையுங்கள். கலவையில் கொஞ்சம் குறைவது இயல்பு. கலவையில் அதிகமாக வந்தால் பாய்வுமானியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பாதிக்கும் கீழே இறங்கினால் அறிகுறி 1க்கும் 2க்கும் போங்கள். இரண்டும் பொருந்தி, வேறொரு நாள் தயாரித்த மாதிரியிலும் அதே அளவு வந்த பிறகு, பெரிய அளவில் சோதிக்கும் வசதியுள்ள குழுவிடம் பொருளைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.